மச்சானுக்கு வாசித்துக் காட்டிய மருந்து

ஞாயிறு இரவு.

எழுத்து மேலும் கீழும் போகிறது. கோயில் வகுப்பில் இந்த வருடம்தான் எழுதப் பழகிய கிழட்டுக் கை, படித்து மன்னிக்க வேண்டியவனும் நானேதான்.

இன்று குனோங் ராபாட்டில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனேன். மச்சானுக்குப் போன மாதம் பக்கவாதம் வந்து, பேச்சும் வலது கையும் காலும் போய்விட்டன. ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த காலத்திலிருந்து என்னைக் 'கைநாட்டு' என்றுதான் கூப்பிடுவார். இப்போது அவரால் ஓர் எழுத்துக்கூடப் படிக்க முடியாது.

பக்கத்தில் உட்கார்ந்து, கொண்டுபோன பேப்பரை விரித்தேன். மூளைக்கு இரத்த ஓட்டம் நின்றால் அதன் உயிரணுக்கள் அளவுக்கு மீறித் தூண்டப்பட்டுச் சாகின்றனவாம். பெண்கள் உடம்பில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் அதைச் சில நிமிடங்களிலேயே தடுக்கிறதாம். எழுத்துக் கூட்டி வாசித்தேன். மச்சான் இடது கையால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் அவ்வளவு ஆசை.

“அப்ப இவருக்கும் அந்த மருந்தப் போடலாமா தம்பி?” என்றாள் அக்கா.

“பொறுக்கா, இன்னும் வாசிச்சு முடியல லா.”

மீதியை வீட்டிலேயே படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன். பிறகு மெதுவாக வாசித்தேன். எலியின் மூளை அணுக்களில்தான் சோதித்திருக்கிறார்கள். சேதம் தொடங்கும்போதே கொடுத்தால்தான் பலன். செத்த அணு திரும்பாது.

மச்சான் சட்டையை விட்டுவிட்டார்.

“இதுக்காகவா எழுத்துப் படிச்ச?” என்றாள் அக்கா.

பேப்பரை மடித்துக்கொண்டு கிளம்பினேன். பஸ்ஸில் வரும்போது கடைப் பலகைகளை எல்லாம் வாசித்துக்கொண்டே வந்தேன். அவ்வளவு சந்தோஷம். அடுத்த ஞாயிறும் வாசிக்கப் போவேன், வந்து எழுதுவேன். எழுந்து போக அவரால் முடியாது.