நாலு ஆட்டினைக் கீழே போட்ட பிலோமினா அக்காவுக்கு

என் அன்பான பிலோமினா அக்கா,

எதிர்வீட்டுக் கமலம் எழுதுகிறேன். வருகிற மாதத்தோடு நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிறது. நம் சுங்கை பினாங் வீட்டு வரிசையில் உங்கள் பேச்சு வந்தால் எல்லோரும் மீன் குழம்பைச் சொல்கிறார்கள், மாதா கோயிலில் நீங்கள் பாடியதைச் சொல்கிறார்கள். போக்கர் ஆடியதைச் சொல்ல மட்டும் யாருக்கும் வாய் வரவில்லை. குடும்பப் பெண் சீட்டுப் பிடித்தாள் என்று எப்படிச் சொல்வது என்று தயங்குகிறார்கள். நான் சொல்லிவிடப் போகிறேன். கோபித்துக்கொள்ள மாட்டீர்களே?

உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனால் உங்கள் வீட்டுக்காரர் அந்தோணி அண்ணே சரக்குக் கிட்டங்கியில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்ததும், சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்தால் வீட்டுக்கு வராமல் கிளப்புக்குப் போனதும் வாசிக்கிற மற்றவர்களுக்குத் தெரியாதே. அங்கே சம்பளத்தைச் சீட்டாட்டத்தில் விட்டுவிட்டு வருவார். திங்கட்கிழமை நீங்கள் பாசாருக்குப் போகாமல் என் வீட்டில் வந்து வெங்காயம் கேட்பீர்கள். மகள் மேரியைக் கன்னியாஸ்திரிகள் பள்ளியிலிருந்து நிறுத்திவிடலாம் என்று அவர் சொன்ன அன்றுதான் நீங்கள் சீட்டுக்கட்டைக் கையில் எடுத்தீர்கள்.

அவர் பழசென்று வீட்டில் போட்டிருந்த கட்டு அது. ஆட்டமும் அவர் சொல்லிக் கொடுத்ததுதான். ஆளுக்கு ஐந்து சீட்டு. பார்த்துவிட்டுப் பந்தயம் கட்டலாம், ஏற்றலாம், வேண்டாமென்றால் கீழே போடலாம். நிற்கிறவர்கள் பிடிக்காத சீட்டை ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம். அப்புறம் மறுபடி பந்தயம். சாப்பாட்டுக்குப் பிறகு பெருமையாக விளக்குவார். நீங்கள் ஒன்றும் தெரியாதவர் மாதிரி கேட்டுக்கொள்வீர்கள். அவர் வேலைக்குப் போனதும் அடுப்படித் தரையில் சீட்டைப் பரப்பி, மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பீர்கள். "என்னக்கா செய்றீங்க?" என்றேன். "இந்த மனுஷன் எங்க தோக்கிறார்னு பாக்குறேன்டி" என்றீர்கள்.

கொஞ்ச நாளில் கண்டுபிடித்தும் விட்டீர்கள். நல்ல கையில் அவர் தோற்கவில்லை. ஆகாத கையில்தான் தோற்றார். சின்னச் சோடி, ஐந்தும் சேர வேண்டிய இடத்தில் ஒரே சாதியில் நாலு சீட்டு, வரிசையாக நாலு சீட்டு, இதெல்லாம் வந்தால் அவருக்கு நிற்காமல் இருக்க முடியாது. யார் எவ்வளவு ஏற்றினாலும் கூடவே போவார். "அது கையே இல்லைடி, கையா ஆகலாம்னு ஒரு ஆசை. ஆசைக்கு எவ்வளவு குடுக்கலாம்னு ஒரு அளவு வேணும்ல?" என்றீர்கள். அந்த அளவுதான் அண்ணனுக்குத் தெரியவில்லை.

பிறகு ஒரு சனிக்கிழமை மத்தியானம் கதவருகில் நின்று அவரிடம் சொன்னீர்கள், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"ஏங்க, இன்னிக்கு என்கூட ஆடுங்க. புளியங்கொட்டை வெச்சு. என் கொட்டை தீர்ந்தா நீங்க காலத்துக்கும் கிளப்புக்குப் போங்க, நான் வாயே திறக்க மாட்டேன். உங்க கொட்டை தீர்ந்தா சனிக்கிழமை வீட்டுல இருக்கணும். மேரி பள்ளிக்கூடம் போகணும்."

அவர் சிரித்தார். "உன்கூடவா? சரி லா, உட்காரு. சீக்கிரம் முடிச்சிட்டுக் கிளம்புறேன்."

இரண்டு பேர் ஆடினால் ஆட்டம் சூடு பிடிக்காது என்று என்னையும் கூப்பிட்டீர்கள். என் வீட்டுக்காரர் ஜெலுத்தோங் டிராம் ஓட்டப் போயிருந்தார், நான் வந்து உட்கார்ந்தேன். மேரி கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். தன் படிப்பு இங்கே புளியங்கொட்டையில் கிடக்கிறது என்று அவளுக்குத் தெரியாது.

முதல் ஒரு மணி நேரம் நீங்கள் ஆடவே இல்லை. சீட்டைப் பார்ப்பதும் கவிழ்ப்பதுமாக இருந்தீர்கள். உங்கள் குவியல் மெல்ல மெல்லக் கரைந்தது. ஒரு தடவை உங்கள் கையில் இதயம் போட்ட சிவப்புச் சீட்டு, நாலு ஆட்டின், வந்தது, பக்கத்திலிருந்த எனக்குத் தெரிந்தது. அண்ணே ஒரு பிடி கொட்டையைத் தள்ளினார். நீங்கள் கீழே போட்டீர்கள். "தூங்குறியா பிலோ?" என்று அவர் கேட்டார்.

அப்புறம் சீட்டைப் பகிர்ந்து கொடுக்க உங்கள் முறை வந்தது. பகிர்ந்தவர் கடைசியாகத்தான் கட்ட வேண்டும். நான் ஒரு கொட்டை வைத்தேன். அண்ணே என்ன நினைத்தாரோ, அந்த முறை ஏற்றாமல் பதுங்கி அவரும் ஒன்றே வைத்தார். நீங்களும் ஒன்று வைத்தீர்கள். மூன்று சீட்டு மாற்றினீர்கள், அவரும் மூன்று மாற்றினார். எனக்கு ஒன்றும் தேறவில்லை, போட்டுவிட்டேன். அவர் தன் குவியலை அப்படியே நடுவில் தள்ளினார். அவரிடம்தான் அதிகம் இருந்தது. நீங்களும் உங்களிடம் இருந்ததையெல்லாம் தள்ளினீர்கள்.

"ஆஸ் ரெண்டு, ராஜா ரெண்டு!" என்று விரித்துப் போட்டுவிட்டுச் சட்டையைத் தேடினார்.

நீங்கள் மூன்று மூணுகளை வைத்தீர்கள். இரண்டு சோடியை அது வெட்டும்.

அவர் மறுபடி உட்கார்ந்துவிட்டார். குவியல் இப்போது உங்கள் பக்கம் பெரிதாகிவிட்டது. அதற்குமேல் அவர் கோபத்தோடு ஆடினார், எல்லாக் கைக்கும் நின்றார். டிராம் மணி கேட்கும்போது அவரிடம் ஒரு கொட்டைகூட இல்லை.

"நாலு ஆட்டினைப் போட்டீங்களே, நான் பார்த்தேன்" என்றேன் உங்களிடம். அண்ணே நிமிர்ந்தார். "நாலு ஆட்டினைப் போட்டுட்டு ஒரு சின்ன மூணாம் நம்பர் சோடிக்கா நின்னே? ஏன்?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். நீங்கள் சொன்னீர்கள். நாலு ஆட்டினுக்கு ஐந்தாவது வருவது ஐந்து தடவையில் ஒரு தடவை. மேசை நிறைய ஆள் இருந்து, எல்லோரும் கட்டியிருந்தால் அதற்கு நிற்கலாம். இங்கே இருந்ததோ மூன்று பேர், அதிலும் அவர் ஏற்றிவிட்டார், கட்டுப்படியாகாது. மூணாம் நம்பர் சோடிக்கு மூன்றாவது மூணு வருவது இன்னும் அபூர்வம். ஆனால் ஒரு கொட்டைக்குப் பார்க்கக் கிடைத்தது. வராவிட்டால் ஒன்றோடு போகும். வந்தால் அவருக்குத் தெரியாது, அவரும் விடமாட்டார், எல்லாவற்றையும் கொடுப்பார். இதைத்தான் சொன்னீர்கள்.

அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

பிறகு என்னிடம் வந்தபோது கேட்டேனே, "இனி அவருக்கும் தெரிஞ்சுபோச்சே, உங்களை ஜெயிச்சுடுவாரே?" என்று. "ஜெயிக்கட்டும். நான் ஜெயிக்கவா ஆடினேன்?" என்றீர்கள். அதன் பிறகு சனிக்கிழமைதோறும் அவரையே எதிரில் உட்காரவைத்து, எதைப் போட வேண்டும், எதற்கு எப்போது நிற்கலாம் என்று ஆடிக் காட்டினீர்கள். அவர் உங்களை நிஜமாகவே ஜெயித்த அன்று நீங்கள் சிரித்த சிரிப்பு என் வீடு வரை கேட்டது.

பிறகு மழைக்காலத்தில் அந்தக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன நீங்கள் திரும்பவில்லை.

உங்கள் முப்பதாம் நாள் பூசை முடிந்த சனிக்கிழமை அண்ணே சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். "எங்கண்ணே?" என்றேன். "கிளப்புக்கு" என்றார். தடுக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது? மேரி வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வெயில் தாழும் முன்பே திரும்பிவிட்டார். "நல்ல கையே வரல கமலம். வந்ததெல்லாம் ஆசைக் கை. அவங்க ஏத்தினாங்க, நான் போட்டேன். அவங்க ஏத்தினாங்க, நான் போட்டேன். 'அந்தோணி, நீ சீட்டுப் பார்க்கவா வந்தே'ன்னு சிரிக்கிறாங்க" என்றார். சொல்லும்போதே படியில் உட்கார்ந்து அழுதார். அப்புறமும் இரண்டு மூன்று தடவை போனார். இப்படி ஆடுகிறவரோடு அவர்களுக்கு என்ன சுவாரசியம்? கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள். அவரும் போவதை விட்டுவிட்டார்.

டிராமை நிறுத்தப் போகிறார்களாம். என் வீட்டுக்காரர் மின்சார பஸ் ஓட்டப் பழகுகிறார். உங்கள் மல்லிகை பட்டுவிட்டது, மன்னியுங்கள். மேரி நன்றாகப் படிக்கிறாள். படிப்பு முடிந்ததும் அங்கேயே வாத்தியார் பயிற்சிக்கு எடுத்துக்கொள்கிறோம் என்று கன்னியாஸ்திரிகள் சொல்லியிருக்கிறார்கள். வயசுப் பெண்ணை இன்னும் எத்தனை வருஷம் படிக்கவைப்பது என்று உங்கள் நாத்தனார் கேட்கிறார். அண்ணே இரண்டு மனசாக இருக்கிறார். நீங்கள் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று கேட்கிறார். எனக்குத் தெரியாதா?

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வருகிறார். நானும் போய் உட்காரப் போகிறேன். மேரி வாத்தியாராகும்வரை அந்த வீட்டில் இந்தப் பேச்சு எப்போது எழுந்தாலும் நான் அங்கிருந்து எழுந்து போக மாட்டேன் அக்கா. இது சத்தியம்.

உங்களோடு கூடப் பிறக்காத,
எதிர்வாசல் தங்கச்சி,
கமலம்