பெட்டி தள்ளும் விளையாட்டு

12 ஜூலை 1995, புதன்

என் வகுப்புக் கவிதாவின் அப்பா இன்று பள்ளிக்கே வந்துவிட்டார். லோரி ஓட்டுபவர். கிள்ளான் ஊர் முழுக்கக் கேட்கும் குரல்.

"பிள்ளைங்கள வீடியோ கேம் விளையாட விடுறீங்களா டீச்சர்? கேட்டா, கணக்கு சரியா போட்டதுக்குப் பரிசுன்னு பொய் சொல்றா. நேத்து என்கிட்ட நல்லா அடி வாங்கினா லா."

பொய்யில்லை. பரிசு கொடுத்தது நான்தான். அந்த அடி எனக்கே விழுந்ததுபோல் இருந்தது. வாதாடத் தோன்றவில்லை. கவிதாவை அழைத்து, நூலகத்துக் கம்ப்யூட்டரில் அந்த விளையாட்டைப் போடச் சொன்னேன். சுடுவதில்லை, சத்தமில்லை. பெட்டிகளை யோசித்து யோசித்து அதனதன் இடத்துக்குத் தள்ள வேண்டும், அவ்வளவுதான்.

அவர் அவள் பின்னால் நின்று பார்த்தார். "கடையில பசங்க காசு போட்டு ஆடுறாங்களே, அதுன்னு நெனச்சிட்டேன்" என்றார், குரல் இறங்கி. கொஞ்ச நேரம் கழித்து, ஒரு பெட்டியைக் காட்டத் திரைப்பக்கம் கையை நீட்டினார். கவிதா சட்டென்று தலையைக் குனிந்து தோளைக் குறுக்கிக்கொண்டாள்.

அவரும் அதைப் பார்த்துவிட்டார். கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டவர், மணி அடிக்கும்வரை வெளியே எடுக்கவே இல்லை. வாயால்தான் சொல்லிக்கொண்டிருந்தார்:

"இடது பக்கம் தள்ளும்மா... மெதுவா."