ஒரே ரோட்டை நம்பிய இரண்டு வண்டிகள்

கீழே அடுப்படியிலிருந்து விறகுப் புகை மாடிக்கு ஏறி வருகிறது. கேஸ் தீரவில்லை. காலையில் நான்தான் ரெகுலேட்டரைக் கழற்றி எடுத்து வந்துவிட்டேன். புகை மூக்கில் ஏறியதும் உன் நினைப்பு வந்துவிட்டது. மாதம் ஒரு நாள், சொல்லாமல் கொள்ளாமல் எதையாவது ஒளித்துவைத்துவிட்டு, "இது இல்லாம சமைச்சு அனுப்புங்க பாப்போம்" என்று இடுப்பில் கை வைத்து நிற்பாயே, ராட்சசி!

எவ்வளவு திட்டியிருப்பேன் உன்னை. ஒரு மாதம் மிக்சி, ஒரு மாதம் வேன் சாவி. ஆனாலும் சோறு போயாக வேண்டும். செங்கம் ரோட்டுப் பக்கம் வாடகை அறைகளில் தனியாக இருக்கும் பதினெட்டுப் பெரியவர்கள் நம் சமையலை நம்பி இருந்தார்கள். பாதிப் பேர் சர்க்கரைக்காரர்கள். பன்னிரண்டரைக்குச் சாப்பாடு வந்துவிடும் என்று ஊசி போட்டுக்கொள்கிறவர்கள். தாமதமானால் உயிருக்கே ஆபத்து.

உனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது அந்தப் பௌர்ணமியில்தான். வேன் வராவிட்டால் ஆட்டோ என்று ஏற்பாடு செய்துவிட்டு, என்னவோ பெரிய கெட்டிக்காரிகள் மாதிரி இருந்தோம். கூட்டம் எப்போதும் போலச் சாயங்காலம்தான் சேரும் என்று நினைப்பு. திதி காலையிலேயே பிறக்கிறது என்று காலண்டரில் பார்த்தும் அசட்டையாக விட்டுவிட்டோம். இந்த ஊரில் பிறந்தவர்கள் செய்கிற தப்பா அது? பதினொன்றரைக்கே கிரிவலப் பாதையில் தடுப்பு போட்டுவிட்டார்கள். வேனும் நின்றது, அவசரமாகக் கூப்பிட்ட ஆட்டோவும் அதன் பின்னாலேயே வந்து நின்றது.

இரண்டு கைகளிலும் கேரியர்களைத் தூக்கிக்கொண்டு ஜனத்தோடு ஜனமாக நடந்தோம். வழியில் ஒரு அம்மா கை நீட்டினார். "அன்னதானமாம்மா?"

"இல்லீங்க, சுகர் பேஷண்டுங்க சாப்பாடு! கொஞ்சம் வழி வுடுங்க!"

நீ போட்ட கத்தலில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பதினெட்டுப் பேரில் ஒருவரான ரயில்வே சாரின் அறைக்குள் நுழைந்ததும் அந்தச் சிரிப்பு செத்துப்போனது. வேர்த்து ஊற்ற, கை நடுங்கத் தரையில் உட்கார்ந்திருந்தார். நீ அவருக்குச் சர்க்கரைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாய். நல்லவேளை, தேறிவிட்டார்.

திரும்பி வரும்போது சொன்னாய்: "மாத்து ஏற்பாடுன்னு ரெண்டு வண்டி வச்சோம். ரெண்டும் ஒரே ரோட்டை நம்பியிருந்துச்சு. அப்ப அது ரெண்டு இல்ல, ஒண்ணுதான்டி."

அடுத்த பௌர்ணமிக்குள் செங்கம் ரோட்டிலேயே ஒரு அறை பிடித்து, அடுப்பும் அரிசியும் கொண்டுபோய் வைத்தாய். ஒவ்வொரு பெரியவர் கைக்கெட்டும் இடத்திலும் ஒரு பிஸ்கட் டப்பா. எதற்கும் ஒரு மாற்று. ஒருநாள் எரிச்சலில், "நீயே இல்லாம பூட்டா என்னடி பண்றது?" என்று கேட்டுத் தொலைத்தேன். "அதான் நீ இருக்கியே" என்று சிரித்தாய்.

அங்கேதான் கோட்டை விட்டாய்.

நீ போன அன்று காலையில், உன் பக்கத்தில் அரைமணி நேரம்கூட என்னால் உட்கார முடியவில்லை. யாருக்கு உப்பு ஆகாது, யாருக்கு முதலில் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் உனக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். நீ இல்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தேன். சாப்பாடு நேரத்துக்குப் போனது. உன்னைத் தூக்கியபோது நான் சாப்பாட்டு டப்பா மூடிக்கொண்டிருந்தேன். அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை, உன் மேலும் என் மேலும்.

அதனால்தான் இன்றைக்கு ரெகுலேட்டரோடு சேர்த்து என்னையும் எடுத்துவிட்டேன். மூன்று மாதமாக, சமையலுக்குப் புதிதாக வந்த மல்லிகாவுக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்து, சுவரில் எழுதியும் ஒட்டியிருக்கிறேன். போனை அணைத்துவிட்டேன். சற்று முன் மாடிப்படியில் நின்று அவள் கூப்பிட்டாள். "அக்கா, ரயில்வே சாருக்குத்தான மொதல்ல?"

ரெகுலேட்டரை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"சரி, நானே பாத்துக்கறேன்" என்று இறங்கிப் போனாள்.

இப்போது வேன் கிளம்பும் சத்தம் கேட்கிறது. மணி பன்னிரண்டு. எழுந்து எட்டிப் பார்க்கச் சொல்லிக் கால் பரபரக்கிறது. பார்க்கமாட்டேன். இனி இங்கே வேலை செய்கிற ஒருத்தியும், தன் ஆளைத் தூக்குகிற நேரத்தில் டப்பா மூடிக்கொண்டிருக்கக் கூடாதடி.