திவ்யாவுக்கென்று எடுத்துப்போன மருந்து

ஆவடி,
தை 6

அன்புள்ள வசந்தகுமாரி அக்காவுக்கு,

பிரியா எழுதுகிறேன். ஜபல்பூர் குளிர் எப்படி? அண்ணனுக்கு அந்த ஃபாக்டரியில் புதிய ஷாப் பழகிவிட்டதா? உங்கள் பழைய குவார்ட்டர்ஸுக்கு ஒரிசாக்காரர்கள் வந்திருக்கிறார்கள். பப்பாளி மரத்தை வெட்டவில்லை. முகிலுக்கு இரண்டு பல் முளைத்துவிட்டது.

இந்தக் கடிதம் மூன்று வாரம் முன்பே வந்திருக்க வேண்டும். போனில் இரண்டு முறை சொல்ல வந்து, பல் கதை பேசி வைத்துவிட்டேன். வாட்ஸப்பில் எழுதினால் திவ்யா முதலில் படிப்பாள்.

தீபாவளிக்கு முன் லோகநாயகி பார்லரில் நாம் நாலு பேர் சேர்ந்து வாங்கிய, கன்னம் பளபளக்கும் ஊசி மருந்தைப் பற்றித்தான். அரிசி மூட்டை முதல் ஊறுகாய் வரை குவார்ட்டர்ஸில் பங்கு போட்டுப் பழகிய நாம், ஒரு பாட்டிலையும் பங்கு போட்டோம். ஆளுக்குப் புது ஊசி என்பதால் பயம் தோன்றவில்லை. மிச்சம் லோகநாயகி வீட்டு ஃப்ரிட்ஜில், இட்லி மாவுக்குப் பக்கத்தில் பத்து நாள் இருந்தது. அதிலிருந்துதான் நானும் சுதாவும் இரண்டாம் முறை போட்டுக்கொண்டோம்.

ஒரு மாதம் கழித்து, ஊசி இறங்கிய இடங்களிலேயே கட்டிகள். லோகநாயகி, இன்னா பிரியா, சூட்டுக் கட்டிக்குப் போய் பயந்துகினு கீற, சந்தனம் பூசு, பூடும் என்றாள். பூசினேன். உடைந்து சீழ் வந்தது. வழக்கமான மாத்திரைக்கு அடங்கவில்லை. தோல் டாக்டரம்மா துளி சதை எடுத்துச் சோதித்தார். தண்ணீரில் இருக்கும் கிருமியாம், மருந்தோடு உள்ளே போயிருக்கிறதாம். ஆறு மாதம் மாத்திரை. எம்.எஸ்சி. படிச்சிருக்கீங்க, பாட்டில்ல என்ன எழுதியிருக்குன்னு பார்க்கலையா என்று கேட்டார். மாத்திரை முடியும்வரை தாய்ப்பால் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். முகில் பாலுக்கு அழுதால் என் வீட்டுக்காரர் ரயில் காட்டத் தூக்கிப் போகிறார். சுதாவுக்கும் கட்டி வந்திருக்கிறது.

அக்கா, நீங்கள் மட்டும் உங்கள் பங்கைப் போட்டுக்கொள்ளாமல், உங்கள் பெண் திவ்யாவின் நிச்சயத்துக்கென்று எடுத்துப்போனீர்கள். அதைச் சின்ன பாட்டிலில் எடுத்து, ஐஸ் வைத்து ஃப்ளாஸ்கில் கட்டிக் கொடுத்தது நான்தான். மாசி பிறந்ததும் அங்கே ஒரு நர்ஸிடம் போட்டுவிடுவதாகச் சொன்னீர்கள். வேண்டாம். என் போட்டோவை உள்ளே வைத்திருக்கிறேன், அவளிடமும் காட்டுங்கள். முந்தியே போட்டிருந்தால், கன்னத்தைத் தடவிப் பாருங்கள். சிறு கெட்டி தட்டுப்பட்டாலும் டாக்டரிடம் போய், ஊசி போட்டதை மறைக்காமல் சொல்லுங்கள்.

மாப்பிள்ளை வீட்டார் நிறத்தைப் பற்றி ஏதோ சொன்னார்கள் என்று நீங்கள் அழுத அன்று, நான் லோகநாயகி பெயரைச் சொன்னேன். திவ்யாவுக்கு என்ன குறைச்சல் என்று கேட்டிருக்க வேண்டும். இப்போது கேட்கிறேன்.

அவள் இருக்கிறபடியே மணையில் உட்காரட்டும், நன்றாக இருப்பாள். பாட்டிலை எறிந்துவிட்டேன் என்று ஒரு வரி அனுப்புங்கள். அதற்கு வாட்ஸப் போதும்.

உங்கள்
கிருஷ்ணப்பிரியா