கடைசியிலிருந்து சொல்லுங்கள் சார்

மார்ச் 3
அவர் போய் ஒரு மாதம். மத்தியப் புலனாய்வுத் துறையில் முப்பது வருட வேலை. வீட்டில் மிச்சம் வைத்ததெல்லாம் பொழுதுபோக்குதான்: மாடியில் புறாக்கூண்டு, கொல்லையில் தேனீப்பெட்டி, சாப்பாட்டு மேஜை பூராவும் பிரித்துப் போட்ட கைக்கடிகாரங்கள். ஒவ்வொன்றும் ஒரு வழக்குக்காகப் போட்ட வேஷம். வழக்கு முடிந்த பிறகும் வேஷத்தை விட மனசு வராது மனுஷனுக்கு.

மார்ச் 5
ஓய்வுபெற்றோர் சங்கத்தில் இரங்கல் கூட்டமாம், மகள் சொன்னாள். பேசப்போவது மைக் மன்னர் - இவருடைய பழைய மேலதிகாரிக்கு நான் வைத்த பெயர். வயிறு எரிகிறது. போலி பாஸ்போர்ட் கும்பலின் வாசலுக்கு எதிரே கடிகாரம் பழுதுபார்க்கிறவனாக உட்கார்ந்தது என் புருஷன். வீட்டுக்கு வரும்போது கண்ணைச் சுற்றி பூதக்கண்ணாடி பதிந்த வளையம் இருக்கும். எனக்குத் தெரியாதா? ஆனால் "நான்தான் உட்கார்ந்தேன்" என்று விருது வாங்கியது அந்த ஆள்! நான் கொதித்தபோது இவர், "விடு, வேலை முடிஞ்சுதே" என்றார்.

நான் விடமாட்டேன்.

மார்ச் 8
கூட்டத்தில் எழுந்து கத்தலாமா? 'துக்கத்துல புத்தி கலங்கிடுச்சு' என்பார்கள்.

மார்ச் 9
வழி கிடைத்துவிட்டது. மகள் சின்ன வயதில் பொய் சொன்னால் இவர் திட்டமாட்டார். "கடைசியிலேர்ந்து சொல்லு கண்ணு" என்பார். விசாரணையில் பழகிய பழக்கம். மனப்பாடம் செய்த கதை பின்பக்கமாக வராது.

மார்ச் 12
நடத்திவிட்டேன்!

அந்தப் பாஸ்போர்ட் கதை மைக் மன்னருக்குத் தண்ணீர்பட்ட பாடு. சொல்லி முடித்ததும் ஒரே கைதட்டல். நான் எழுந்தேன்.

"ரொம்ப நல்லா இருந்துது சார். ஒருதடவ கடைசியிலேர்ந்து, கைவிலங்கு மாட்டினதுலேர்ந்து அப்படியே பின்னோக்கிச் சொல்லுங்களேன். அவரு அப்படித்தான் கேப்பாரு."

அரங்கம் முழுக்கப் பழைய விசாரணைக்காரர்கள். நான் கேட்டது எதற்கென்று அவர்களுக்குப் புரிந்துவிட்டது.

"விலங்கு... அதுக்கு முன்னாடி கதவ ஒடச்சோம். அதுக்கு முன்னாடி... கடிகாரக் கடையிலேர்ந்து சிக்னல் வந்துது."

"வந்துதா? கடையில நீங்கதான சார் இருந்தீங்க?"

முன்வரிசையைப் பார்த்தார். பிறகு மைக்கிலேயே சொன்னார்: "இல்ல. அவன்தான் இருந்தான்."

காரில் மகள், "பாவம்மா, வயசானவரு" என்றாள். பாவமாம்! எனக்கு வயிறு குளிர்ந்துவிட்டது.

மார்ச் 13
நன்றாகத் தூங்கினேன்.

மார்ச் 16
"அப்பா எப்படிம்மா அந்தக் கும்பலப் புடிச்சாரு? நீ சொல்லு" என்றாள் மகள். ஜம்மென்று உட்கார்ந்து ஆரம்பித்தேன். கடை, பூதக்கண்ணாடி, கண்ணைச் சுற்றி வளையம் - அதற்கு மேல் வரவில்லை. வேலை விஷயம் வீட்டுக்குள் வரக்கூடாது என்பது இவர் சட்டம். ஒரு வார்த்தை சொன்னதுண்டா என்னிடம்? தினமும் அறிக்கை கொடுத்தது அந்த ஆளிடம். எனக்குத் தெரிந்த மிச்சமெல்லாம் அந்த ஆள் மேடை மேடையாகச் சொன்னதுதான்.

ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. இவர்மேலும்தான்.

மார்ச் 18
மைக் மன்னருக்குப் போன் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறார். எனக்கும் மகளுக்கும் முழுக்கதையும் சொல்ல வேண்டும். 'நான்' என்று வருகிற இடத்திலெல்லாம் இவர் பெயரைச் சொல்ல வேண்டும். எங்கேயாவது தடுமாறினால் விடமாட்டேன், மறுபடியும் முதலிலிருந்து சொல்லச் சொல்வேன்.