ஐம்பத்திரண்டு வினாடியும் ஒரு பூச்சாடிப் படமும்

சொல் பிறக்கும் முன்னே பொருளாய் நின்றவனும், சொல் ஓய்ந்த பின்னும் துணையாய் நிற்பவனுமாகிய இறைவனின் திருவடிகளை முதற்கண் வணங்கி எழுதலானேன்.

அன்பு மகனுக்கு அம்மாவின் ஆசிகள். இங்கே நானும் உன் அப்பாவும் அத்தையும் உடலளவில் குறையின்றி இருக்கிறோம். அத்தையின் வலது காதுக்குப் புதுக் கருவி வாங்கியாயிற்று. அதைப் பெட்டியிலேயே வைத்துப் பாதுகாத்து வருகிறார், காதில் மாட்டினால் தேய்ந்துவிடுமாம். என் இரத்த அழுத்த மாத்திரையை மருத்துவர் பாதியாகக் குறைத்திருந்தார். சென்ற ஞாயிற்றுக்கிழமை நடந்ததைக் கேட்டால் மறுபடி முழுதாக்கிவிடுவார் என்பதால் இந்த வாரம் அவரைப் பார்க்கப் போகவில்லை. உன் உடல்நலமும், குறிப்பாகத் தொண்டையின் நலமும் எவ்வாறு என்று அறிய ஆவல். தொண்டையைத் தனியே கேட்பதற்குக் காரணம் உண்டு, அதைப் பின்னர் சொல்கிறேன்.

சினம் சேர்ந்தாரைச் சுடும் நெருப்பு என்பதை நாள்தோறும் ஓதுகிறவள் நான். ஓதியது உண்மை, உணர்ந்ததும் உண்மை. ஆயினும் இந்த ஊர்த் தொலைக்காட்சி நிலையத்தை எண்ணும்போது அந்த நெருப்பைக் கொஞ்சம் ஊதிவிடத்தான் கை துறுதுறுக்கிறது. நீ நடிக்கும் இசைநாடகம் ஞாயிறு மாலை நான்கு மணிக்கு ஒளிபரப்பாகும் என்று செய்தித்தாளில் பார்த்த நாள் முதல் பதினொரு நாள் நான் அதையே நினைந்து கிடந்தேன். ஆறு ஆண்டுகளாக நீ மேடையேறுகிறாய், ஒருமுறையேனும் உன்னை அங்கே கண்டதில்லை. என் ஆசை மட்டுமென்றால் அடக்கியிருப்பேன். எடை அளவைத் துறையில் தான் ஆய்வாளராய் வீற்றிருந்த அதே அலுவலகத்தில் உனக்குக் கிடைத்த நாற்காலியை நீ உதறிவிட்டுப் பாடப் போனாய் என்று உன் அப்பா வாய்க்குப் பூட்டுப் போட்டது உனக்குத் தெரிந்ததே. நீ தொலைபேசியில் அழைக்கும் போதெல்லாம் அவர் செய்தித்தாளோடு பக்கத்து அறைக்குப் போய்விடுவார் என்பதும் தெரியும். உனக்குத் தெரியாதது ஒன்று: அவர் அங்கே பேப்பர் படிப்பதாகச் சொல்லும் அந்த அரைமணி நேரத்தில் ஒரு பக்கம்கூடப் புரளும் ஓசை நான் கேட்டதில்லை. அப்படிப்பட்டவர் உன்னை ஒருமுறை கண்ணாரக் கண்டுவிட்டால் பூட்டு தானே திறந்துகொள்ளும் என்று நான் நம்பியிருந்தேன். இறைவனிடம் கேட்டதும் அது ஒன்றைத்தான்.

பார்க்க வாருங்கள் என்று நான் அழைக்கவில்லை, அழைத்தால் வரமாட்டார். மூன்றரை மணிக்கு அவரே தேய்த்த சட்டை அணிந்துகொண்டு கூடத்துக்கு வந்து, நான் இங்கே வெளிச்சத்துல படிக்கிறேன், அது பாட்டுக்கு ஓடட்டும் என்று அமர்ந்தார். வீட்டுக்குள் படிப்பதற்குத் தேய்த்த சட்டை எதற்கென்று நான் கேட்பேனா. அத்தை தன் நாற்காலியைத் திரைக்கு நான்கடி தூரத்தில் போட்டுக்கொண்டு, தம்பி, உன் பையன் கண்ணுக்குத் தெரிவான், காதுக்குத் தெரிய நீதான் சத்தம் வைக்கணும் என்றார். மணி நான்கும் ஆயிற்று. திரையில் நாடகம் இல்லை, நகரமன்றக் கூட்டம். கழிவுநீர்க் கால்வாய்க்கு மூடி போடுவதா வேண்டாமா என்று ஒன்பது பேர் உட்கார்ந்து ஒரே கருத்தை ஒன்பது விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இருபத்திரண்டு நிமிடம் தாமதம் என்று உன் அப்பா பேப்பருக்குப் பின்னாலிருந்து அறிவித்தார். படிக்கிறவருக்கு நேரம் எப்படித் தெரிந்தது என்று அதையும் நான் கேட்கவில்லை.

ஒருவழியாக நாடகம் தொடங்கியது, அடுத்த அவமதிப்பும் உடன் தொடங்கியது. எந்தெந்தத் தெருவுக்குக் குடிநீர் வராது என்ற அறிவிப்பைத் திரையின் அடியில் ஓடவிட்டார்கள். ஒருமுறை ஓடினால் போதாதா, அது பாம்பு தன் வாலைத் தேடுவதுபோல் சுற்றிச்சுற்றி வந்தது. முதற்பாதி முழுவதும் ஆடியவர் எவருடைய பாதத்தையும் நான் காணவில்லை. ஆட்டம் என்பதே பாதத்தில் இருக்கிறது என்று அந்த மேதாவிகளுக்கு யார் சொல்வது. இதில் உன் குற்றமும் உண்டு. இடைவேளைக்குப் பிறகுதான் வருவேன் என்று நீ ஒரு வரி எழுதியிருக்கலாம். மேடைக்கு வந்த ஒவ்வொருவரையும் அத்தை இவனா, இவனா என்று கேட்க, மீசை வைத்த காவலாளியை நீ என்றே முடிவு செய்து, ஐயோ இப்படி உடம்பு வெச்சுட்டானே என்று கண் கலங்கிவிட்டார். அது யாரோ, நல்ல உடம்புதான், நீடூழி வாழட்டும்.

பிறகு நீ வந்தாய். சிறையிலிருந்து மீண்டு வந்தவனாக, ஒரு கைப்பையோடு, அண்ணன் வீட்டுக் கதவுக்கு முன்னால் வந்து நின்றாய். கை பாதி உயர்ந்தது, தட்டவில்லை. இசைக்கருவிகள் ஒவ்வொன்றாக அடங்கின. அரங்கமே மூச்சை நிறுத்தியதுபோல் ஓர் அமைதி. உன் அப்பாவின் பேப்பர் மடிக்கு இறங்கிவிட்டது. நான் கையைக் கூப்பியிருந்தேன், எப்போது கூப்பினேன் என்று எனக்கே தெரியாது. அந்தக் கணத்தில், மகனே, அந்தக் கணத்தில் திரையில் ஒரு பூச்சாடிப் படம் வந்து நின்றது. தடங்கலுக்கு வருந்துகிறோம் என்று எழுத்து, பின்னணியில் யாரோ புல்லாங்குழல் ஊதுகிறார்கள். ஏம்மா, இவ்வளவு தூரம் போய் உன் பையன் அட்டையிலயா நடிக்கிறான் என்றார் அத்தை. நாங்கள் சிரிக்கவில்லை. நான்கு நிமிடத்துக்கு மேல் அந்தப் பூச்சாடியையே பார்த்துக்கொண்டிருந்தோம். பூச்சாடி போய்ப் படம் மீண்டபோது அரங்கம் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தது, நீ குனிந்து வணங்கிக்கொண்டிருந்தாய். பாட்டு முடிந்துவிட்டது. உன் அப்பா எழுந்து, பேப்பரை நான்காக மடித்து, சட்டையை மாற்றப் போய்விட்டார். அன்று இரவு உணவின்போது உப்பு என்ற ஒரு சொல் மட்டும் பேசினார்.

மறுநாள் காலை நிலையத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். எடுத்த பெண்மணி நான் சொல்லி முடிக்கும் முன்னரே, உங்க வீட்டு ஒயர்ல கோளாறா இருக்கும், ஆள வெச்சுப் பாருங்கம்மா என்றாள். கீழ்வீட்டுத் தையல்காரம்மா வீட்டிலும், எதிர் அடுக்ககத்திலும், நான் விசாரித்த ஏழு வீட்டிலும் அதே பூச்சாடிதான் என்றேன். அப்ப ஏழு வீட்டு ஒயரையும் பாருங்க என்று வைத்துவிட்டாள். பொறுமைக்கும் ஒரு கரை உண்டல்லவா. செவ்வாய்க்கிழமை நேரில் போய்க் கேட்பதென்று புறப்பட்டேன். படியிறங்கினால் உன் அப்பா செருப்பு மாட்டி வாசலில் நிற்கிறார். உனக்கு பஸ் நம்பர் தெரியாது என்றார். நாற்பது ஆண்டுகளாக அதே பேருந்தில் நான் பள்ளிக்கூடத்துக்குக் கணக்குச் சொல்லித்தரப் போனவள். சரி என்று அவர் பின்னாலேயே போனேன்.

நிலையம் என்றால் என்னவோ என்று எண்ணியிருந்தேன். ஒரு நீண்ட நடைக்கூடம், கூரை ஒழுகும் இடத்துக்கு நேர்கீழே ஒரு வாளி, கால் ஆடும் பெஞ்சு. ஒன்றேகால் மணி நேரம் அந்தப் பெஞ்சை நாங்கள் ஆடாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பிறகு பணிப் பொறியாளர் வந்தார். ஐம்பது வயதிருக்கும், காதில் பேனா. ஒளிபரப்புத் தலைநகரத்திலிருந்து கம்பிவழி வருகிறதாம், இவர்கள் வாங்கி ஊருக்குக் கொடுக்கிறார்களாம். முப்பது வினாடி தொடர்ந்து சத்தம் வராவிட்டால் மணி அடிக்கும்; மணி அடித்தால் அட்டையைப் போட்டுவிட்டு மாடிக்குப் போய்க் கம்பியைப் பார்க்க வேண்டும் என்பது விதி. விதிப்படிதான் செய்தேன் என்று அவர் பெருமையோடு சொன்னார். மாடியில் கம்பி சரியாக இருந்ததைக் கண்டு இறங்கி வர நான்கு நிமிடம் ஆயிற்றாம். சத்தம் இல்லைன்னா லைன் அறுந்துடுச்சுன்னுதான் எங்களுக்கு அர்த்தம், நாடகத்துல போய் ஒரு ஆள் ஒரு நிமிஷம் சும்மா நிப்பானா, நீங்களே சொல்லுங்க ஐயா என்றார்.

அவர் கேட்ட கேள்விக்கு விடை சொல்ல நான் வாயெடுத்தேன், அதற்குள் உன் அப்பா எழுந்துவிட்டார். பெஞ்சு என் பக்கமாகச் சாய்ந்தது. சும்மா நிக்கலய்யா என்றார். தட்டலாமா வேண்டாமான்னு நிக்கிறான், கை பாதிக்கு வந்தது பாத்தீங்களா இல்லையா என்றார். முப்பது வினாடின்னு யாரு முத்திரை போட்டுக் குடுத்தது, எந்தப் படிக்கல்லை வெச்சு நிறுத்தீங்க என்றார். பொறியாளர் பேனாவைக் காதிலிருந்து எடுத்துவிட்டு மறுபடி காதிலேயே செருகினார். உன் அப்பா குரலை உயர்த்தாமல், ஒரு கடைக்காரனிடம் தராசைக் கீழே வைக்கச் சொல்லும் அதே குரலில், ஆறு வருஷமா நான் என் பையன்கிட்ட ஒரு வார்த்தை பேசலை, அதுக்காக அறுந்துபோச்சுன்னு அட்டை போட்டுடுவீங்களா என்று கேட்டார். நடைக்கூடத்தில் போய்க்கொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள். ஏழு வீட்டு ஒயரைப் பார்க்கச் சொன்ன அந்தப் பெண்மணியும் அவர்களில் ஒருத்தி, யாருங்க இவரு என்று பக்கத்தில் கேட்ட குரலிலேயே கண்டுகொண்டேன். அவளுக்கென்று நான் வழிநெடுகத் திட்டம் செய்துவந்த நான்கு வாக்கியத்தையும் அப்படியே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தேன்.

வந்ததையெல்லாம் ஒரு மாதம் பதிவில் வைத்திருப்பது அவர்கள் வழக்கமாம். பொறியாளர் எங்களை உள்ளே அழைத்துப்போய், சாப்பாட்டுப் பெட்டி அளவே உள்ள ஒரு திரைக்கு முன் உட்கார வைத்தார். அந்த அறையில் காதில் மாட்டும் கருவி ஒன்றுதான். அதை உன் அப்பாவுக்குக் கொடுக்கச் சொன்னேன். ஆகவே, மகனே, உன் பாட்டை உன்னைப் பெற்றவள் இன்றுவரை கேட்கவில்லை. இதையும் அந்த நிலையத்தின் மீதான என் குற்றச்சாட்டுகளில் சேர்த்துக்கொள். நான் கண்டது அவரைத்தான். நீ கதவின் முன் நின்றதும் அவர் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். உன் உதடு அசைந்ததும், ஐம்பத்திரண்டு என்றார். பிறகு இரண்டு கையாலும் அந்தக் கருவியைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். காதை மூடியவர்களுக்குத் தங்கள் குரலின் அளவு தெரியாதல்லவா, அந்த அறை அதிர, தொண்டை கட்டியிருக்கு அவனுக்கு, மேல போகும்போது பாரு, வெந்நீர் குடிக்கிறானா இல்லையா என்று கேட்டார். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை. பொறியாளர், குடிப்பார் ஐயா என்றார்.

வருகிற ஞாயிறு நான்கு மணிக்கு மறு ஒளிபரப்புச் செய்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஒப்புக்கொண்டது வாயால் மட்டுமல்ல. இந்த அமைதி நாடகத்தின் பகுதி, ஐம்பத்திரண்டு வினாடி, அட்டை போடலாகாது என்று பணிப் பதிவேட்டில் எழுதவைத்து, கையெழுத்து வாங்கி, அடியில் நேரமும் போடச்செய்த பிறகே உன் அப்பா எழுந்தார். இருந்தும் என் சினம் ஆறவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். பிரிவைப் பாடவந்த நம் பழம்புலவர்கள் அதற்கென்று ஒரு நிலத்தையே ஒதுக்கி, பேசாது நிற்கும் நெஞ்சுக்கும் சொல் கொடுத்துப் போனார்கள். அந்த மொழி பேசும் வீட்டுக்கு, ஓசை இல்லையேல் ஒன்றுமில்லை என்று ஓர் இயந்திரம் வந்து பாடம் சொல்வதா. இதை விரிவாக நிலைய இயக்குநருக்கு ஐந்து பக்கம் எழுதியிருக்கிறேன். பிழை திருத்த உன் அப்பாவிடம் கொடுத்தேன். கடுமை போதாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

உனக்குச் சொல்ல வேண்டியவை சில. வெந்நீர் குடி; இது என் சொல் அல்ல, மேலிடத்து ஆணை. மேடையை விட்டு இறங்கியதும் குளிர்ந்த காற்றில் நின்று பேசாதே. அந்தக் கைப்பையை இடக்கையில் பிடித்தால் வலக்கை தட்டுவதற்கு இயல்பாக எழும் என்பது அத்தையின் கருத்து. பூச்சாடியைத் தவிர எதையும் ஒழுங்காகப் பார்க்காதவர், ஆனாலும் சொல்லிவிட்டார், எழுதிவிட்டேன்.

மறவாமல் செய்ய வேண்டியது ஒன்று. ஞாயிறு மாலை ஏழு மணிக்கு வீட்டுத் தொலைபேசிக்கு அழை, என் கைப்பேசிக்கு வேண்டாம். அன்று நான் எடுக்கமாட்டேன். அந்தப் பக்கம் எடுத்த பிறகு குரல் ஏதும் வராவிட்டால் இணைப்புப் போயிற்று என்று எண்ணி வைத்துவிடாதே. முப்பது வினாடி கடக்கலாம், ஐம்பத்திரண்டும் கடக்கலாம், அவர் உன்னைவிட மூத்தவர். பிடித்துக்கொண்டே நில்.

உனக்கும், உன்னோடு ஒரே கூரையின்கீழ் உண்டு உறங்கும் அந்த நாடகக் குழுவினர் அனைவருக்கும், அந்த மீசைக் காவலாளிக்கும் கூட, நோயற்ற உடலும் குன்றாத குரலும் நிறைந்த வீடும் இறைவன் அருளட்டும்.

என்றும் உன் நலமே வேண்டும்,
அம்மா