அடுத்த நாற்காலி அக்காவைத் துணையாக ஏற்கக் கோருதல்

அனுப்புநர்:
முடி திருத்தும் கடைக்காரர்,
கடையின் பின்னறை,
பேருந்து நிலையத்தின் பின்தெரு.

பெறுநர்:
மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்கள்,
பொது மருத்துவமனை.

பொருள்: முழங்கைப் பயிற்சிக்கு வரும் இரு நோயாளிகள் ஒருவருக்கொருவர் துணையாக இருக்க அனுமதி வேண்டுதல் தொடர்பாக.

மதிப்புக்குரிய ஐயா,

1. கடையில் விளக்கு மாட்டுவதற்காக, முடி வெட்டும் நாற்காலியின் மேல் ஏறினேன். அது சுழலும் நாற்காலி என்பது இத்தனை வருடம் அதைச் சுழற்றிய எனக்கே மறந்துபோனது. விழுந்ததில் வலது முழங்கை நொறுங்கியது. தங்கள் மருத்துவர்கள் தகடும் திருகாணிகளும் வைத்து எலும்பைச் சேர்த்தார்கள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

2. விடாமல் மடக்கி நீட்டாவிட்டால் மூட்டு இறுகிவிடும் என்று தையல் பிரித்த அன்றே மருத்துவர் எச்சரித்தார். பயிற்சிப் பிரிவிலோ, கையைப் பிடித்துவிடக் கற்றுக்கொள்ள ஒரு துணையாள் வராவிட்டால் உள்ளே விடுவதில்லை. எனக்கு அப்படி யாரும் இல்லை. கடையில் எதிரெதிராக இரண்டு கண்ணாடிகள் இருக்கின்றன. நடுவில் நின்றால் கையைத் தூக்கிக் கட்டிய நான் வரிசையாகத் தெரிகிறேன். அத்தனை பேரில் ஒருவன்கூட உதவிக்கு ஆகமாட்டான்.

3. காத்திருக்கும் இடத்தில் அடுத்த நாற்காலியில் இஸ்திரி போடும் அம்மாள் ஒருவர் இருந்தார். அவருக்கு இடது முழங்கை. அவருக்கும் ஆளில்லை. "எனக்கு வலது கை நல்லா இருக்கு, உங்களுக்கு இடது. சேத்தா ஒரு முழு ஆளு கணக்குதானே தம்பி?" என்றார். அக்கா, தம்பி என்று சொல்லி உள்ளே போனோம். பொய்தான். ஆனால் என் மணிக்கட்டைப் பிடித்து மடக்கும்போது, எனக்கு வலிக்குமென்று அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். கையை மடக்கினால் என் விரல் மோவாய்வரை வந்துவிட்டது.

4. போன மாதம் பதிவு ஊழியர் எங்கள் இருவர் கைக்கட்டுகளையும் சேர்த்துப் பார்த்துவிட்டார். "அவங்களுக்கு நீங்க துணை, உங்களுக்கு அவங்க துணை. சரி, ரெண்டு பேருக்கும் யாரு துணை?" என்றார். வரிசையே சிரித்தது. வெட்கங்கெட்டு நானும் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. வரிசையை விட்டு வெளியே போய்விட்டார். ஊழியர்மேல் நடவடிக்கை வேண்டாம், அவர் விதியைத்தான் சொன்னார்.

5. அதன்பின் அக்கா வரவில்லை. அவர் வீடு எங்கே என்று நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. என் கை மறுபடி இறுகுகிறது. கத்தரியை ஒருவர் காது உயரத்துக்குத் தூக்க முடியவில்லை. அவர் கையும் இப்படித்தானே இறுகிக்கொண்டிருக்கும் என்பதுதான் எனக்குப் பெரிய வேதனை.

ஆகவே ஐயா, எங்களை ஒருவருக்கொருவர் துணையாக ஏற்று உத்தரவிட வேண்டுகிறேன். அதை அக்காவுக்கும் தெரிவிக்க வேண்டும். அவர் முகவரி தங்களிடம் மட்டுமே இருக்கிறது. என் பெயரைச் சொன்னால் அவருக்குத் தெரியாது. அடுத்த நாற்காலித் தம்பி வாசலில் நிற்கிறான் என்றால் போதும்.

இடம்: மருத்துவமனை வாசல்
நாள்: செவ்வாய், எங்கள் பயிற்சி நாள்

இப்படிக்கு,
முடி திருத்தும் கடைக்காரர்
(இடது கையால் போட்ட கையெழுத்து)